ஓடைப் பாலத்து வரவேற்பு

சபாங் இரண்டு நீர்களுக்கு நடுவே அமைந்த ஊர். தெற்கே தாலுங்கான் ஆறு, வடக்கே பெயரில்லாத ஓர் ஓடை. ஆற்றை மழைக்காலத்தில் கடக்க எங்கள் மீனவர்களே தயங்குவார்கள். ஓடையைக் கோடையில் கோழிகள் நடந்தே கடந்துவிடும். பழைய காத்மோன் மாகாணத்தின் தெற்கெல்லை இவ்விரண்டில் எது என்ற கேள்வியில்தான் நாங்கள் ஏமாந்துபோனோம்.

ஏமாந்தோம் என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். ருபெர்த்தோ காபிஸ்த்ரானோ அவர்கள் காத்மோன் நகரத்தின் மேயர். என் மகனின் ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஞானத் தகப்பனாக நின்றவர். அந்த உறவினால் அவர் எனக்குக் கும்பாரே, நான் அவருக்குக் கும்மாரே. உடன்பிறந்தவர்களோடு சண்டையிட்டுப் பேசாமலிருக்கலாம். கும்பாரேயிடம் குரலை உயர்த்துவது கூடத் தகாது. ஆகையால் அவரைப் பற்றி எழுதும் இடங்களில் மரியாதைக் குறைவு நேராதபடி பார்த்துக்கொள்ள முயன்றிருக்கிறேன்.

நான் சபாங் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். காத்மோனின் வரலாற்றை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். ஸ்பானியர்கள் அதைத் தனி மாகாணமாக அமைத்தபோது ஆற்றை எல்லையாக வைத்தார்கள். தென்கரையிலுள்ள லுமாங் நகரின் துறவி ஒருவர், சபாங்கின் தென்னந்தோப்புகள் தம்முடைய கோவில் பங்கைச் சேர்ந்தவை என்று மணிலாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தபடியால், ஓர் ஆளுநர் சலிப்படைந்து எல்லையை ஓடைக்கு நகர்த்தினார். அவருக்குப் பின் வந்தவர் மறுபடியும் ஆற்றுக்கு நகர்த்தினார். அமெரிக்கர்கள் வந்ததும், ஓர் ஆளுநருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்குக் காத்மோனில் வரி வசூலாகவில்லை என்று கண்டு மாகாணத்தையே கலைத்து, தெற்கிலிருந்த அல்மேரியா மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். அப்போதுதான் சபாங், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லுமாங் நகராட்சியின் கீழ் வைக்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தில் காத்மோன் மீண்டும் மாகாணமாயிற்று. ஓர் ஆரம்பப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளில் ஆளுநர் அலுவலகம் நடந்தது. போர் முடிந்ததும் வகுப்பறைகள் பள்ளிக்குத் திரும்பின, காத்மோன் அல்மேரியாவுக்குத் திரும்பிற்று.

இத்தனை முறையும் சபாங்கை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வரி கட்டப் போன இடத்தில், "இங்கே இல்லை, அங்கே போ" என்று விரட்டப்பட்ட பிறகுதான் மாகாணம் மாறியது எங்கள் முன்னோருக்குத் தெரியவந்தது.

மாதாவின் காரியம் மட்டும் மாறவில்லை. அடைக்கல மாதாவின் சுரூபம் ஆறு கடலில் சேரும் முகத்தில் ஒதுங்கியது என்றும், இரு கரையாரும் உரிமை கொண்டாடியதால் மறைமாவட்ட ஆயர் தலையிட்டு ஆண்டில் பாதி காத்மோன் கோவிலிலும் பாதி லுமாங் கோவிலிலும் இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார் என்றும் சொல்வார்கள். மே மாதம் மாதா வடக்கே வருவாள், நவம்பரில் தெற்கே போவாள். கைமாற்றுவது நடு ஆற்றில். இரண்டு படகுகளைப் பக்கத்தோடு பக்கமாகக் கட்டி, ஒரு படகுக்காரர்களின் தோளிலிருந்து மறு படகுக்காரர்களின் தோளுக்கு மாற்றுவார்கள். ஒருவர் படகில் மற்றவர் கால் வைக்கலாகாது. லுமாங்கார் எங்கள் கரையில் இறங்கியதில்லை, நாங்கள் அவர்கள் கரையில் இறங்கியதில்லை. காத்மோன் தரப்பில் தோள் கொடுப்பவர்கள் எப்போதும் சபாங் ஆண்கள், படகுகளும் எங்களுடையவை. எந்த ஆட்சி எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் இந்த ஆற்றுச் சடங்கு மட்டும் ஸ்பானியர் காலத்து முதல் எல்லையை விட்டு அசையவில்லை.

இதில் சபாங்குக்கு ஒரு மனக்குறை உண்டு. கரையேறியதும் மாதா பூந்தேரில் ஏறி நேரே காத்மோனுக்குப் போய்விடுவாள். எங்கள் சிற்றாலயத்தில் ஒரு நாழிகை கூட இறங்கியதில்லை. மேயர் அவர்களுக்கு இந்தக் குறை தெரியும். என் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர். எங்களைப் பற்றித் தெரியாதது அவருக்கு ஏதுமில்லை.

காத்மோனை மறுபடியும் மாகாணமாக்கும் மசோதா பாராளுமன்றத்துக்குப் போனபோது, எல்லையைத் தீர்மானிக்க ஒரு குழு வரும் என்று அறிவித்தார்கள். பழைய வரைபடங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. அவற்றையெல்லாம் திரட்டித் தரும் பொறுப்பை மேயர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். எங்கள் ஊருக்கோ இது வரைபட விஷயமாக இருக்கவில்லை. ஓடைக்கு வடக்கே, பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடும் தூரத்தில் காத்மோன் மருத்துவமனை இருக்கிறது. அது அல்மேரியா மாகாணத்து மருத்துவமனையாக இருந்ததால், அந்த மாகாணத்தவரான எங்களுக்கும் அங்கே இலவசம். காத்மோன் பிரிந்து, எல்லை ஓடையென்று முடிவானால், நாங்கள் அல்மேரியாவில் தங்கிவிடுவோம். மருத்துவத்துக்கு ஆற்றைக் கடந்து லுமாங் போக வேண்டும். ஆற்றுக்குப் பாலம் கிடையாது.

என் அடுத்த வீட்டுக்காரி பாசிங் மீன் விற்பவள். அவள் கணவர் தோமிங்குக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரந்தோறும் காத்மோனில் இரத்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லை ஆறா ஓடையா என்பது அந்த வீட்டுக்கு எப்படிப்பட்ட கேள்வியென்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மாலை மேயர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர்த் தலைவர் அதெல்போவையும் அழைத்துவரச் சொன்னார். பாசிங்கை யாரும் அழைக்கவில்லை. அவளாகவே கூடையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"கும்மாரே, ஒரு யோசனை வந்திருக்கு. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று மேயர் ஆரம்பித்தார்.

"மேயர் யோசனைன்னாலே தேர்தல் வருதுன்னு அர்த்தம்" என்றாள் பாசிங்.

"பாத்தியா அதெல்போ, இந்த வாய்க்குத்தான் மீனெல்லாம் பயந்து வலையில விழுது." அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். "விஷயம் இதுதான். மாகாணம் பிரியணும்னா அல்மேரியா முழுக்க வாக்கெடுப்பு நடக்கும். காத்மோன்காரன் வாக்கு மட்டும் பத்தாது. லுமாங்காரன் வாக்கும் வேணும். அவங்களுக்கு நம்ம மேல என்ன கோபம்? இத்தனை வருஷமா மாதாவ நடு ஆத்துல வாங்கிட்டு, வாங்கய்யா ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னதுண்டா நாம?"

"நம்மளையும் அவன் கூப்பிட்டதில்லையே" என்றார் அதெல்போ.

"அதனாலதான் நாம முந்திக்கணும். இந்த மே மாசம் அவங்க ஆத்தத் தாண்டி வரட்டும். அவங்க தோள்லயே மாதாவ சபாங் சிற்றாலயத்துக்குக் கொண்டுவரட்டும். காலையில பூசை, மத்தியானம் விருந்து. சாயங்காலம் அவங்களே தூக்கிட்டு ஓடைப் பாலம் வரைக்கும் வரட்டும். நான் பேண்டு வாத்தியத்தோட அங்க நின்னு வாங்கிக்கிறேன்."

மாதா எங்கள் சிற்றாலயத்தில் இறங்கப் போகிறாள் என்று கேட்டதும் நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பாசிங்கும் போட்டுக்கொண்டாள். அதெல்போ மட்டும் தலையைச் சொறிந்தார்.

"சிற்றாலயத்துலயே நாங்க வாங்கிக்கிறோமே. ஓடை வரைக்கும் எதுக்கு அவனத் தூக்க விடணும்?"

மேயர் அவர் தோளில் கை வைத்தார். "விருந்தாளிய பாதி வழியில நிறுத்தி, சுமந்தது போதும், குடுத்துட்டுப் போன்னு சொல்லுவியா? அவங்க ஊரைத் தாண்டி வந்து நம்ம கையில குடுத்தாங்கன்னு இருக்கட்டுமே. மரியாதைக்கு மரியாதை."

அதெல்போ என்னைப் பார்த்தார். நான் படித்தவள், கும்பாரே உறவுடையவள் என்பதால் என் சொல்லுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது.

"மேயர் சொல்றது நியாயமாத்தான் படுது" என்றேன். "வர்றவங்களுக்குச் செய்யுறதுல என்ன குறைஞ்சுடப் போகுது?"

"எல்லை ஆறுதானே மேயரே?" என்று பாசிங் வாசற்படியிலிருந்து கேட்டாள். "அத ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிருங்க. என் புருஷன் ரத்தம் அதுல ஓடுது."

"என் ஞானப் பிள்ளை பொறந்த ஊரு இது. இத விட்டுட்டு எனக்கு மாகாணம் எதுக்கு?" என்றார் மேயர். பாசிங் கூடையிலிருந்து நல்ல மீனாக இரண்டு எடுத்து அவருக்குக் கொடுத்து அனுப்பினாள்.

மே மாதத்துத் திருவிழாவை விவரிக்க எனக்குச் சற்று வலிமை வேண்டும். அப்படியொரு நாளை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. லுமாங்கார் எங்கள் கரையில் கால் வைத்தபோது இரு தரப்பாருக்கும் கூச்சமாக இருந்தது. எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர்கள் சப்பரத்தைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். அதெல்போ முதலில் போய், "வாங்க, வாங்க, மண்ணு கடிக்காது" என்றார். அதன் பிறகு எல்லாம் இலகுவாயிற்று. ஒவ்வொரு வீட்டு முன்பும் மேசை போட்டோம். முழுப் பன்றிகளை மூங்கிலில் கோத்து வாட்டினார்கள். வாழையிலையில் பொதிந்த ஒட்டரிசிப் பணியாரம், இறால் போட்ட நூடுல்ஸ், தேங்காய்ப்பாலில் வேகவைத்த நண்டு. லுமாங்கார் ஒருவர் வெட்கப்பட்டுக் குறைவாக எடுத்துக்கொண்டபோது பாசிங் அவர் தட்டில் நண்டை வைத்து, "ஏன்யா, எங்க நண்டு பக்கவாட்டுல நடக்கும்னு பயமா? செத்துருச்சு, சாப்பிடு" என்றாள்.

மாதா எங்கள் சிறிய பீடத்தில் இருந்தாள். பீடத்துக்குச் சுரூபம் பெரிதாக இருந்ததால் அவளுடைய கிரீடம் கூரை விட்டத்தைத் தொடுவது போலத் தோன்றிற்று. தோமிங்கை நாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் அமர்த்தினார்கள்.

மாலையில் லுமாங்கார் மாதாவைச் சுமந்து எங்கள் தெரு வழியே ஓடைப் பாலத்துக்குப் போனார்கள். நாங்கள் பின்னால் பாடிக்கொண்டு போனோம். பாலத்தின் வடமுனையில் மேயர் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். பேண்டு வாத்தியம் முழங்கியது. அவர் ஓர் அடி கூட முன்னால் வரவில்லை. பாலத்தின் முனையிலேயே நின்று தோள் கொடுத்து வாங்கிக்கொண்டார். நான்கைந்து பேர் படம் பிடித்தார்கள். திருவிழாவில் படம் பிடிப்பது யாருக்கும் வியப்பில்லை.

குழு ஆகஸ்டில் வந்தது. காத்மோனின் கூடைப்பந்து அரங்கில் கூட்டம். கூரைத் தகரத்தின் மேல் மழை பெய்ததால் ஒவ்வொருவரும் ஒலிபெருக்கியை வாயோடு ஒட்டிப் பேச வேண்டியிருந்தது. குழுவின் தலைவர் ஓர் அம்மையார், மிகவும் பண்பானவர். அல்மேரியா ஆளுநரின் தரப்பில் ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். சபாங்கிலிருந்து ஊரே வந்திருந்தது. பாசிங் முதல் வரிசையில் இருந்தாள்.

வரைபடங்களைப் பற்றி நான் பேசி முடித்ததும் தலைவர் அம்மையார் என்னை உட்காரவிடவில்லை.

"டீச்சர், ரொம்ப நல்லா சொன்னீங்க. ஆனா பாருங்க, ஒரு படம் ஆறுங்குது, இன்னொண்ணு ஓடைங்குது. அதனால ஜனங்க பழக்கத்துல எல்லை எங்க இருக்குன்னு கேட்டுத்தான் முடிவு பண்ணணும். மாதாவ எங்க வெச்சுக் கை மாத்துறீங்க?"

"நடு ஆத்துலங்க அம்மா. பரம்பரையா அங்கதான்."

வழக்கறிஞர் எழுந்தார். "மன்னிக்கணும் டீச்சர். இந்த வருஷமும் அங்கதானா?"

நான் விளக்கத் தொடங்கினேன். விருந்தாளிகளை மதிக்கும் பொருட்டு இந்த ஆண்டு மட்டும் என்று வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தபோதே திரையில் படம் ஓடத் தொடங்கிவிட்டது. லுமாங்கார் எங்கள் தெருவில் மாதாவைச் சுமந்து வருகிறார்கள். சபாங் மக்கள் இருபுறமும் நின்று பூத்தூவுகிறார்கள். ஓடைப் பாலம். வெள்ளைச் சட்டை. எல்லாம் தெளிவாக இருந்தது. என் முகம் கூட ஓர் ஓரத்தில் சிரித்தபடி இருந்தது.

"டீச்சர், எங்க கை மாத்தினாங்கன்னு மட்டும் சொன்னா போதும்" என்றார் வழக்கறிஞர்.

"ஓடைப் பாலத்துலங்க. ஆனா அது..."

"நன்றி டீச்சர். விருந்தாளிய வீட்டு வாசல்லதான் வரவேற்பாங்க, இல்லையா? மேயர் ஐயா இங்கதான் இருக்காரு. அவரையே கேட்டுரலாம்."

எனக்கு அப்போது நிம்மதியாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். கும்பாரே எழுந்து, அது நாங்கள் செய்த மரியாதை, அதை எல்லையென்று கொள்வது முறையாகாது என்று சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அவரும் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார்.

"மேயர் ஐயா, நீங்க அன்னைக்கு நின்ன இடம் எது?"

"எங்க எல்லையிலதான் நின்னேன்" என்றார்.

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று தலைவர் அம்மையார் மறுபடியும் சொல்லச் சொன்னார். அவர் ஒலிபெருக்கியை நெருக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

அதெல்போ எழுந்து கத்தினார். காவலர்கள் அவரை உட்காரவைத்தார்கள். பாசிங் கத்தவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டம் கலைந்ததும் அரங்கின் பின்புறம், பந்துகள் வைக்கும் அறைக்கு அருகில் மேயர் என்னைத் தேடி வந்தார். நான் தேடிப் போகவில்லை.

"கும்மாரே, கோபப்படாதீங்க. நான் சொல்றத முழுசாக் கேளுங்க."

"கேக்குறேன், சொல்லுங்க."

"அல்மேரியா கவர்னர் தலையாட்டலைன்னா மாகாணமே கிடையாது. அவரு ஒண்ணுதான் கேட்டாரு, ஆத்து முகம் வேணும்னு. துறைமுகம் கட்டப் போறாராம். ஆத்து முகம்னா சபாங். ஒரு ஊரக் குடுத்தா மிச்ச ஊரெல்லாம் நமக்கு. நானும் எத்தனை நாள் தூங்காம யோசிச்சேன் தெரியுமா?"

"ஏப்ரல்ல எங்க வீட்டுக்கு வந்தப்பவே யோசிச்சு முடிச்சிருந்தீங்களா?"

அவர் பந்து அறையின் பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"விருந்து வைக்கணும்னு சொன்னது இதுக்குத்தானா கும்பாரே?"

"நான் பொய் சொல்லலையே. மாதா உங்க சிற்றாலயத்துல இறங்கினா இல்ல? உங்க ஜனங்க சந்தோஷப்பட்டாங்க இல்ல? அது நிஜம்தானே?" என்றார். அதை அவர் உண்மையாகவே சொன்னார். தமக்கு நன்றி சொல்லவில்லையே என்ற வருத்தம் கூட அவர் குரலில் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

எனக்கு எத்தனையோ சொற்கள் வந்தன. அவற்றில் ஒன்று கூடக் கும்பாரேயிடம் சொல்லத் தக்கதாக இல்லை. "போய்ட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு மழையில் நடந்தேன்.

குழு எல்லையை ஓடையென்று எழுதியது. வாக்கெடுப்பில் சபாங் மொத்தமும் எதிர்த்து வாக்களித்தது. அல்மேரியா ஆளுநர் தம்முடைய ஊர்களையெல்லாம் ஆதரித்து வாக்களிக்கச் சொல்லியிருந்தபடியால் எங்கள் எதிர்ப்பு ஒரு பொருட்டாகவில்லை. காத்மோன் நாற்சந்தியில் வாணவேடிக்கை நடந்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் ஓடைக்கு அந்தப்புறம் வானம் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறித் தெரிந்தது. ருபெர்த்தோ காபிஸ்த்ரானோ அவர்கள் புது மாகாணத்தின் முதல் ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

மருத்துவமனையில் தோமிங்கிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள்: மாகாண நிதி இனி மாகாணத்தவர்களுக்கு மட்டும், நீங்கள் லுமாங் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு பெருகியிருந்தது. கடைசியில் அவர் காத்மோனிலுள்ள தம் ஒன்றுவிட்ட சகோதரர் வீட்டுத் இடநெருக்கடியான ஓர் அறையில் குடியேறி, அந்த முகவரியைக் காட்டிச் சிகிச்சை பெறலானார். பாசிங் மீன் விற்று முடித்தபின் தினமும் அங்கே போய்வருகிறாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "எம் புருஷன் வெளிமாகாணத்துல வேலைன்னு ஊர்ல பெருமையாச் சொல்லிட்டு இருக்கேன் டீச்சர்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் பாதியில் நிறுத்திவிட்டாள். என்னோடு அவள் பேசத் தொடங்கியதே அந்த வாரம்தான்.

அக்டோபர் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் நானும் பாசிங்கும் என் வீட்டுக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கருவாடு வறுத்திருந்தேன், தக்காளியும் வெங்காயமும் அரிந்து வைத்திருந்தோம். கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வாசலில் கார் நின்றது. ஆளுநர் தனியாக இறங்கி வந்தார். வழக்கம்போல் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

சாப்பிடும் நேரத்தில் யார் வந்தாலும், தெருவில் போகிறவரானாலும், கடன் கேட்க வந்தவரானாலும், "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்வோம். பானையில் சோறு இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. வந்தவர் "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்பார். அதன் பிறகே பேச்சு ஆரம்பிக்கும். இதைச் சொல்லாமல் விட்ட நாள் என் வாழ்வில் கிடையாது.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஆளுநர் நின்றார். நாங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. பாசிங் கருவாட்டின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். என் காதுகள் சூடேறின. சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஒரு வாய்ச் சோற்றை வைத்து அதை அடைத்தேன்.

"நல்ல வாசனை. கருவாடா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார். "நவம்பர்ல மாதா தெக்க வரணும். புது மாகாணத்துல முதல் திருவிழா, டி.வி. எல்லாம் வருது. ஓடைப் பாலத்துல நாங்க கொண்டுவந்து குடுக்குறோம். இந்தப் பக்கத்துல வாங்கிக்க சபாங் ஆளுங்க நிக்கணும் கும்மாரே. அதெல்போ என் போனை எடுக்கவே மாட்டேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே கேக்கும்."

"ஊரு கேட்டது அப்போங்க" என்றேன்.

"பாலத்துல ஆளே இல்லாம நான் மாதாவத் தோள்ல வெச்சிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

பாசிங் முதன்முறையாக நிமிர்ந்தாள். "ஏன் ஐயா, எல்லையில நிக்குறது உங்களுக்குப் பழக்கம்தானே?"

அவர் முகம் சிவந்தது. ஆயினும் போகவில்லை. எங்கள் தட்டுகளைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அந்த மேசையில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. அந்த நாற்காலியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு, எங்கள் மனிதர்களில் ஒருவரும் தம் வாயால் சொல்லிக் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"நான் இன்னும் சாப்பிடல, கும்மாரே."

என் கை நின்றுவிட்டது. பானையில் சோறு இருந்தது. தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரைப் பார்த்தபோது அவர் உண்மையாகவே பசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

"அப்படிங்களா, கவர்னர் ஐயா" என்றேன்.

கும்பாரே என்று சொல்லாததை அவர் கவனித்தார். பாசிங் சோற்றுப் பானையின் மூடியை எடுத்து மூடினாள்.

அவர் வாசலுக்குப் போய்க் குனிந்து காலணிகளை மாட்டிக்கொண்டார். கயிறுகளைக் கட்ட அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. கார் ஓடைப் பக்கம் போகும் ஓசை அடங்கும்வரை நாங்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.